சிலம்பக் களத்தில் நடுவயது மாணாக்கர்

கலை பயிலற்குரிய பருவம் இளமை ஒன்றே என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியை இதற்குச் சான்றாகக் காட்டாதார் இலர். முதுகெலும்பைக் கருதிச் சொல்லப்பட்டதாயின் அப்பழமொழியில் ஓரளவு உண்மை உண்டு. கற்கும் ஆற்றலைக் கருதியதாயின் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. நாற்பதைக் கடந்தபின் சிலம்பக்கோலைக் கையிலெடுப்போர் எதனை அடைகின்றனர், எதனை அடைய இயலாது, அவர்களால் அக்கலைக்கு ஆகும் பயன் யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடைப்பட்டது பட்டாபிராம். ஆவடியில் 1961இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையும் பிற பாதுகாப்புத்துறை நிறுவனங்களும் இப்பகுதிக்குத் தொழிலாளர் குடும்பங்களைக் கொணர்ந்தன. 1969இல் தோன்றிய இந்துக் கல்லூரி மாணாக்கரைக் கொணர்ந்தது. 2024 நவம்பரில் திறக்கப்பெற்ற 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா, நாள் முழுதும் கணினித் திரையின் முன் அமர்ந்திருப்போரைக் கொணர்ந்து வருகின்றது. நின்றே உழைத்து முழங்கால் தேய்ந்தோரும் அமர்ந்தே உழைத்து முதுகு இறுகியோரும் ஒருங்கே வாழும் ஊர் எனலாம்.

இவ்வூர்த் திடல்களில் மாலை வேளையில் சிறுவர் சிறுமியர் கம்பு சுற்றும் காட்சி இன்று அரிதன்று. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்படும் எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இவற்றால் பெற்றோர்க்கு இக்கலைமீது பற்று மிகுந்தது. பற்று கலையின்மீதா, சான்றிதழின்மீதா என்று நாம் கேட்கப் போவதில்லை. எவ்வாற்றானும் பிள்ளைகள் திடலுக்கு வருகின்றனர், அது நன்றே. பிள்ளையைக் களத்தில் விட்டுவிட்டு, ஓரத்தில் இருசக்கர வண்டிமீது சாய்ந்து கைப்பேசி பார்த்திருக்கும் தந்தையர் கூட்டமே நடுவயது மாணாக்கர் முளைக்கும் நாற்றங்கால். ஒரு நாள் ஆசான், “சும்மாதானே நிக்கிறீங்க, வந்து காலை வையுங்க சார்” என்கின்றார். அவ்வழைப்பை ஏற்று வந்தோர், நம்மையும் சேர்த்து எழுவர். தொழிற்சாலையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், ஏனையோர் அலுவலகத்தினர். அறுபத்திரண்டு வயதினரான வரைவாளரே எம்முள் மூத்தவர்.

பெயரும் பழமையும்

சிலம்பு என்னும் சொற்கு ஒலி என்றும் மலை என்றும் பொருள் உண்டு. சுழலும் கோல் எழுப்பும் ஒலியால் சிலம்பம் எனப் பெயர் பெற்றது என்பர் ஒரு சாரார். மூங்கில் விளையும் மலைநிலத்தில் தோன்றியமையால் அப்பெயர் வந்தது என்பர் மற்றொரு சாரார். நன்கு பதப்படுத்திய கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலியை அருகிருந்து கேட்டோர் முதற்கருத்தின் பக்கமே சாய்வர், நாமும் அவ்வாறே.

இக்கலைக்கு ஐயாயிரம் ஆண்டுப் பழமை உண்டென மேடைதோறும் முழங்கப்படுகின்றது. அம்முழக்கம் செவிக்கு இனிது. ஆயினும் சங்க நூல்களில் நாம் தெளிவாகக் காண்பவை வேறு. கோலூன்றி நின்று ஆநிரை காக்கும் இடையரைக் காண்கின்றோம். படைக்கலப் பயிற்சியும் மற்போரும் பேசப்படுவதைக் காண்கின்றோம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைப் புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார் பாடியுள்ளார். அடுத்துவரும் பாடல்களிலும் அவனையே பாடும் புலவர், பின்னர் நக்கண்ணையார் பாடுமாறு இடம்விடுகின்றார். அது மற்போரேயன்றிக் கோற்போர் அன்று. எனினும் ‘போரவை’ என்னும் அடைமொழி நோக்கத்தக்கது. போர்த்தொழில் பயில்வதற்கென ஓர் அவை இருந்ததும், அரசகுலத்தான் ஒருவன் அதனால் பெயர் பெற்றதும் நமக்குப் போதிய பெருமையல்லவா? இல்லாத சான்றைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

மருது சகோதரர் தூக்கிலிடப்பெற்ற 1801ஆம் ஆண்டில் கும்பெனி அரசு தென்பாளையங்களில் மக்கள் படைக்கலம் ஏந்துவதைத் தடுத்து ஆணையிட்டது. வாளும் வேலும் துப்பாக்கியும் பறிபோன மண்ணில், மாடு மேய்ப்பவன் கையிலிருந்த கோல் எஞ்சியிருத்தல் இயல்பே. திருவிழாவிலும் ஊர்வலத்திலும் விளையாட்டு என்னும் பெயரில் அக்கோல் சுழன்றது. முகரம் ஊர்வலத்திலும் மாப்பிள்ளை ஊர்வலத்திலும் கம்பு சுற்றும் வழக்கம் தமிழகத்து முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் இருந்துள்ளது; அங்கெல்லாம் ஆசானுக்கு உஸ்தாத் என்று பெயர். ஆட்டத்தின் தொடக்கத்தில் அவையையும் ஆசானையும் எதிராளியையும் வணங்கும் முறைக்குச் ‘சலாம்வரிசை’ என்னும் பெயர் வழங்குவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அப்பெயரைச் சொல்லுவோர் எல்லாச் சமயத்தினருமே. திரைப்படத்தின் பங்கும் சிறிதன்று. ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) போன்ற படங்களில் எம்.ஜி.ஆர். கம்பெடுத்து நின்ற காட்சி, கொட்டகைக்குள் அமர்ந்திருந்த எத்தனையோ இளைஞரை ஆசான் வீட்டு வாயிலுக்கு அனுப்பியது. பின்னர்ப் புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ (1973) வந்து அவர்களின் தம்பியரைக் கராத்தேப் பள்ளிக்குத் திருப்பியது.

காலே முதல்

புதிதாக வருவோர் அனைவரும் கையையே நோக்குவர். கம்பு எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது, விரல்களிடையே எவ்வாறு மாறுகிறது என்பதில் கண் பதியும். ஆசானோ கம்பைத் தருவதில்லை. வாரக்கணக்கில் வெறுங்கையோடு காலடி மட்டுமே. முன்வைத்தல், பின்வாங்கல், பக்கம் பெயர்தல், குதிகால் ஊன்றித் திரும்பல் என நான்கு திசைக்கும் அடி மாற்றிச் செல்லல் வேண்டும். முழங்கால் சற்றே மடிந்திருக்க, உடலின் சுமை ஒரு காலினின்று மறுகாலுக்குச் சிந்தாமல் மாற வேண்டும். சிறுவர்க்கு இது சலிப்பு. அவர்கட்குப் போட்டியும் அருகில் இருப்பதால் ஆசான்மாரும் விரைந்து கம்பைக் கொடுத்துவிடுகின்றனர். பெரியோர்க்குப் போட்டி இல்லை. எனவே காலடிக்குக் காலம் உண்டு.

காலடி ஏன் முதன்மையானது என்பதைச் சிறு கணக்கால் விளக்கலாம். தரையில் ஊன்றினால் நுனி நெற்றியளவு நிற்பதே கம்பின் பொது அளவு. ஏறத்தாழ ஐந்தரை அடி எனக் கொள்வோம். நொடிக்கு இருமுறை சுழலும் கம்பில், பிடியிலிருந்து 4 அடி தள்ளியுள்ள நுனி நொடிக்கு ஏறத்தாழ 50 அடி வேகத்தில் செல்லும். அதே கம்பில் பிடியிலிருந்து 1 அடியில் உள்ள இடம் 12 அடி வேகத்திலேயே செல்லும். ஆகவே நுனியின் வட்டத்துக்கு அரையடி வெளியே நிற்பவனுக்கு அடி விழாது. வட்டத்தைக் கடந்து பிடியை அணுகியவனுக்கு விழும் அடியில் வலிமை இராது. தீங்கு முழுதும் நுனி செல்லும் அவ்வொடுங்கிய வளையத்திலேதான் உள்ளது. அவ்வளையத்தில் நில்லாது வெளியே விலகுவதும் உள்ளே புகுவதும் காலின் தொழில். உள்ளே புகுந்தபின் நெடுங்கம்பால் பெரும்பயன் இல்லை. அங்குக் குத்துவரிசை எனப்படும் வெறுங்கைப் போரும், முச்சாண் எனப்படும் குறுங்கம்பும் உதவும். இவையெல்லாம் ஒரே கலையின் உறுப்புகள் என்பது அப்போதுதான் விளங்கும்.

சென்னைப் பேச்சில் ‘வீடு கட்டி அடித்தான்’ என்று நாள்தோறும் கேட்கின்றோம். வீடுகட்டுதல் சிலம்பத்தார் சொல். தன் வீச்சினால் தன்னைச் சுற்றி அரண் ஒன்றை எழுப்பிக்கொண்டு, எதிரியை வளைத்து இடம் பிடித்தலை அது குறிக்கும். அவ்வீட்டின் அடித்தளம் காலடி, சுவர்தான் கம்பு. இக்கால இளைஞர் வழக்கிலோ ‘கம்பு சுத்துறது’ என்பது ஒருவர்க்குப் பரிந்து வாய்ச்சண்டை இடுவதைக் குறிக்கின்றது. காலில் தொடங்கிய கலை வாயில் வந்து நின்றுவிட்டது போலும்!

கம்பைப் பற்றியும் ஒரு சொல். உட்புழை மிகாத கல்மூங்கிலும் பிரம்பும் ஏற்றவை. வெட்டிய மூங்கிலை நீரில் ஊறவைத்தும், நீர்ப்பரப்பில் அடித்தும் பதப்படுத்துதல் பழைய முறை. நுனி பிளவாதிருக்கப் பூண் இடுவதுண்டு. இன்று போட்டிக்கெனக் கிடைக்கும் மெல்லிய கம்புகள் விரைவாகச் சுழலும்; ஆனால் ஓர் அடியைத் தாங்கித் தடுக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. நடுவயதினர் மெல்லியதில் தொடங்கி, மணிக்கட்டு பழகியபின் கனத்ததற்கு மாறுவதே தக்கது.

உடலின் கணக்கு

நடுவயது மாணாக்கர் முதலில் அறிய வேண்டியது தம் உடலின் வேகத்தை. தசை சில வாரங்களில் வலுவடையும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண் வலுவடைய அதனினும் நெடுங்காலம் ஆகும். கை ‘இயலும்’ என்று சொல்லும்போதே மணிக்கட்டும் முழங்கையும் ‘இன்னும் இல்லை’ என்று வலியால் மறுப்பது இதனாலேயே. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டோர்க்கு, சிறப்பாக நீரிழிவு உடையோர்க்கு, தோள்பட்டை இறுகிப்போதல் மிகுதி. கம்பு வீச்சுக்குத் தோளே அச்சாணி ஆதலின், தோளைச் சுழற்றித் தளர்த்தாது கம்பைத் தொடுவது கூடாது. நம் குழுவில் பயிற்சி ஒரு மணி நேரம். அதில் முதற் கால்மணி நேரம் மூட்டுகளுக்கே உரியது.

பயன் உண்டா எனின், உண்டு. பெரியோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் கொள்ளவேண்டும் என்றும், இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகின்றது. அறுபத்தைந்து கடந்தோர்க்கு நிலைதடுமாறாமை காக்கும் பயிற்சியையும் அது வலியுறுத்துகின்றது. காலடிப் பயிற்சி இம்மூன்றுக்கும் ஒருசேர உதவும். நம் நாட்டில் வயதுவந்தோருள் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. எழுவருள் இருவர் மாத்திரையோடு களத்துக்கு வருவதில் வியப்பில்லை. அத்தகையோர் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குதல் வேண்டும். வெறும் நடைப்பயிற்சி போதாதா என்பார்க்கு ஒன்று கூறலாம்: போதும், ஆனால் நடைப்பயிற்சியில் மனம் அலுவலகத்திலேயே இருக்கும். எதிரே ஒருவர் கம்போடு நிற்கும்போது மனம் வேறெங்கும் போகாது.

அடைய இயலாதது எது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. பத்து வயதுச் சிறுமியின் மணிக்கட்டு விரைவு நமக்கு வாராது. தெருச்சண்டையில் வெல்லும் திறன் வந்துவிட்டதென எண்ணுவோர் கம்பைக் கீழே வைத்துவிடுதல் அவர்க்கும் ஊர்க்கும் நலம். வருவது வேறொன்று. அஞ்சி இமைக்கும் கண் இமையாதிருக்கப் பழகுகின்றது. தன்னை நோக்கி வரும் வீச்சுக்குப் பின்வாங்காமல், எப்பக்கம் அடியெடுப்பது என்று நோக்க ஒரு கணம் கிடைக்கின்றது.

ஆசானும் மாணாக்கரும்

இனி நாம் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருவோம். நடுவயது மாணாக்கர்க்கு உடலினும் பெருந்தடை மதிப்பு பற்றிய எண்ணமே. நம் ஆசான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பகலில் மரவேலை செய்பவர். நம்மினும் ஒன்பது ஆண்டு இளையவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று பேசியே பழகிய ஒருவர், அவர்முன் கைகட்டி நிற்க வேண்டும். முதல் மாதம் அவர் எம்மைச் ‘சார்’ என்றே அழைத்தார். திருத்தமும் தயங்கித் தயங்கியே வந்தது. பின்னர் ஒரு நாள், “பாய், கம்பைப் பாக்காதீங்க, என் இடுப்பைப் பாருங்க. இடுப்பு சொல்லிட்டுத்தான் கை வரும்” என்றார். ‘சார்’ ‘பாய்’ ஆன அன்றே கல்வி தொடங்கிற்று என்போம். நாம் அவரை ‘மாஸ்டர்’ என்கின்றோம். வரைவாளர் ‘வாத்தியாரே’ என்கின்றார்.

சப்பானில் சூடோவை வகுத்த சிகோரோ கானோ தொழிலால் கல்வியாளர். பழைய சூசுட்சு மங்கிவந்த காலத்தில், 1882இல் டோக்கியோவில் அவர் கோடோகான் பயிலகத்தை நிறுவினார். ஆபத்தான பிடிகளை ஒதுக்கி, படிநிலைகளை வகுத்து, எவரும் பயிலுமாறு அமைத்தார். கராத்தேயைச் சப்பானின் பெருநிலத்துக்கு 1922இல் கொணர்ந்த கிச்சின் புனாகோசியும் ஒகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. போர்க்கலை ஒன்று பிழைத்திருக்கப் போர்வீரர் மட்டும் போதார். அதனைச் சொல்லாக்கி வரிசைப்படுத்தும் ஆசிரியரும் வேண்டும் என்பதற்கு இவ்விருவர் சான்று.

சிலம்பத்தில் அவ்வரிசை ஆசானின் நினைவிலேயே பெரிதும் உள்ளது. துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம், பனையேறிமல்லு, நாகதாளி, நாகசீறல், கள்ளன்கம்பு என வகைகள் பல. பெயர்களை எழுதிவிடுதல் எளிது. ஒவ்வொன்றிலும் கால் எங்கு விழும், வீச்சு எங்கு வெட்டாக மாறும், எதிரி எம்முறையில் வந்தால் எத்தடை என்பவை பெயருக்குள் அடங்கா. அலங்காரச் சிலம்பத்துக்கு மேடை உண்டு, பரிசு உண்டு. மணிக்கணக்கில் நூற்றுக்கணக்கானோர் நின்று சுற்றிச் ‘சாதனை’ படைக்கும் விழாக்களும் உண்டு. அங்கு எதிரே ஒருவரும் இரார். தொடுமுறைப் போட்டியில் கம்பு நுனியில் ஒட்டும் பொடி தடவி, எதிராளியின் உடலில் பதிந்த குறிகளை எண்ணி வெற்றியை முடிவு செய்தனர் முன்னோர். நெற்றியில் குறி வைத்தல் பெருவெற்றி. அவ்வளவு நுட்பமான கட்டுப்பாட்டைக் கற்பிக்கும் போர்ச் சிலம்பப் பாடங்களுக்கு நேரம் தருவோர் குறைந்துவருகின்றனர். சிறுவர் பதினேழு வயதில் பொதுத்தேர்வுக்காகக் களத்தை விட்டு நீங்குவர். பாடம் அலங்காரத்தோடு நின்றுபோகும்.

இவ்விடத்திலேதான் நடுவயது மாணாக்கரால் கலைக்கு ஒரு பயன் விளைகின்றது. சிறுவன் பார்த்ததைச் செய்கின்றான். ஏன் என்று கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. வளர்ந்தவரோ காரணம் அறியாது கால் பெயர்க்கமாட்டார். ‘இந்தத் தடைக்கு முன் ஏன் இடக்கால் பின்வாங்க வேண்டும்?’ என்று கேட்கின்றார். ஆசான் நின்று எண்ணுகின்றார். சில வேளை, “நீங்க அடிங்க, சொல்றேன்” என்கின்றார். தம் ஆசானிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டு, பின்னர் ஒருபோதும் எடுத்துரைக்க நேராத செய்தி ஒன்று அப்போது வெளிப்படுகின்றது. அது வகுப்பறைக் குறிப்பு போலப் பதிவாகாவிடில் மீண்டும் எப்போது வெளிப்படும் என்று சொல்ல முடியாது.

ஆதலின் குழுவினர் மூவர் குறிப்பேடு வைத்துள்ளோம். செவிலியர் உடலுறுப்புகளை ஒட்டிய சொற்களைக் குறிக்கின்றார். ஆசான் ‘இங்கே பட்டா கை மரத்துடும்’ என்னும் இடத்துக்கு நரம்பின் பெயரைப் பக்கத்தில் எழுதுகின்றார். நாம் வீச்சு, வெட்டு, குத்து, தடை, வாரல் எனச் சொற்களை, ஆசான் வாய்மொழி மாறாமல், எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுகின்றோம். அகராதி நடைக்கு அவற்றைத் திருத்துவதில்லை. தமிழ்த்துறை மாணாக்கர் நாட்டார் வழக்காற்றுக் களப்பணிக்குத் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடித் தொலைவூர்களுக்குச் செல்கின்றனர். தம் தெருமுனைத் திடலில் கம்போடு நிற்பவரிடம் உள்ள சொற்களையும் ஒருமுறை கேட்கலாம்.

வரைவாளர் பணி எம் இருவர் பணியினும் அருமையானது. காலடியைத் தொழிற்சாலை வரைபடம் போல அளவுகோல் இட்டு வரைந்தார்: முதலடி இங்கு, இரண்டாமடி இத்தனை அங்குலம் அப்பால், கோணம் இவ்வளவு என்று. ஆசான் அத்தாளை விளக்கொளியில் நெடுநேரம் பார்த்தார். “நல்லாருக்குது வாத்தியாரே. ஆனா இது உங்க கால். என் கால் கொஞ்சம் சின்னது, அதனால நான் அரையடி முன்னாடி போவேன்” என்றார். அதன்பின் வரைவாளர் அங்குலக் கணக்கைக் கைவிட்டு, ஆடுபவரின் பாதநீளத்தையே அலகாகக் கொண்டு வரைகின்றார். ஆசான் மணலில் அடிவைக்க, இவர் பின்னே சென்று சுவடுகளை அளக்கின்றார். குறவஞ்சிக்குரிய படங்கள் முடிந்துவிட்டன. துடுக்காண்டத்தில் பாதி ஆகியுள்ளது.